புகை வராத அசனம்

2009-ஆம் ஆண்டு அசனத்துக்கு முன்னால் எங்கள் சபைக் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. போன வருடம் சமையல் கொட்டகைப் புகை ஆலயத்துக்குள் நுழைந்து, போதகர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி இருமும்படி ஆகிவிட்டது. இந்த முறையும் புகைந்தால் இனிமேல் தக்கலையிலிருந்து கேட்டரிங்தான். சோறு வேனில் வந்து இறங்கும்.

வேனில் வந்து இறங்கினால் அது அசனமே இல்லை. வீட்டுக்கு ஒரு கட்டு விறகு போட்டு, நாமே பொங்கி, சபையாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம். கோளாறும் அந்த விறகில்தான் இருந்தது. ரப்பர் மரத்தை வெட்டிய கையோடு பச்சையாகவே கொண்டுவந்து போடுவார்கள்.

நான் ஷார்ஜாவில் ஒரு சலவைக் கம்பெனியின் பாய்லர் அறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். கறி விடியுமுன்பே ஆகிவிடும். ஆராதனை நேரத்தில் எரிவது இரண்டு சோற்றடுப்புகள்தான். இரண்டிலும் இரும்புக் குழாயைச் சுருளாக வளைத்து வைத்தேன். ஒரு முனை உயரத்திலுள்ள தண்ணீர்ப் பீப்பாயில், நடுவில் தண்ணீர் திரும்பி ஏறாமலிருக்க ஒரு வால்வு, திறந்து மூட இன்னொன்று. மறுமுனையில் ஊசித் துவாரம், அது தீயைப் பார்த்திருக்கும். சுருளுக்குள் கொதிக்கும் ஆவி சீறிப் பாயும்போது வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். காற்று போதாமல் புகையாகப் போவது அங்கேயே எரிந்துவிடும்.

சோற்றுப் பொறுப்பு செல்வதாஸ் அண்ணனுக்கு. குனிந்து பார்த்தார்.

"தண்ணிய விட்டுத் தீய அணைக்கதத்தான் பாத்திருக்கேன். நீ எரிய வைக்கப் போறியாக்கும்?"

"நாளைக்குப் பாருங்கண்ணே."

"சொதப்பினா உன்னத்தான் அண்டாவுல போட்டு அவிப்பேன், கேட்டியா."

அண்ணன் கடிகாரம் பார்க்கிறவரில்லை. ஒலிபெருக்கியில் வேதபாடம் வாசிக்கத் தொடங்கினால் அரிசி போடுவார். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு கேட்டால் வடிப்பார். அண்டா தூக்குகிறவர்களும் அதுவரை ஆலயத்துக்குள் இருப்பார்கள். இப்படித்தான் எல்லா வருடமும் நடந்தது.

அன்று முதல் பாட்டு முடியுமுன்பே உலை கொதித்தது. அண்ணன் அசையவில்லை. வேதபாடம் தொடங்கிய பிறகுதான் அரிசியைக் கொட்டினார். தீ மஞ்சளாகச் சீறி எரிந்தது. பிரசங்கம் பாதிகூட ஆகவில்லை, அண்ணனின் மனைவி ஜெபகனி அக்கா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார்.

"வெந்தாச்சி."

"காணிக்கைப் பாட்டு இன்னும் பாடலியேட்டி."

"சோத்துக்குப் பாட்டு தெரியுமா? நீங்களே பிடிச்சுப் பாருங்க."

அண்ணன் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நான் வால்வை மூடி, விறகை வெளியே இழுத்தேன். ஆனாலும் கொதிநீரில் கிடக்கிற சோறு குழையத்தான் செய்யும். கம்பு கொடுத்து அண்டாவைத் தூக்க நாலு பேர் வேண்டும். இருந்ததோ நாங்கள் மூன்று பேர். நான் தீயைக் கணக்குப் பார்த்த அளவுக்கு ஆட்களைக் கணக்குப் பார்க்கவில்லை.

அப்போது ஆலயத்தின் பக்கவாசல் வழியாகக் கமிட்டிச் செயலாளர் முத்துநாயகம் சார் வேட்டியைப் பிடித்தபடி ஓடிவந்தார். கேட்டரிங் யோசனையே அவருடையதுதான்.

"ஓய் செல்வதாஸ், இன்னும் தீ வைக்கலியா? சன்னல் வழியா பாத்துப் பாத்து எனக்கு ஒரு வசனம் காதுல விழல்ல. ஒரு பொட்டு புகையக் காணோம்."

"வாங்க, இந்தக் கம்பப் பிடிங்க."

"நானா?"

"வெந்து நிக்கி சார். கொழஞ்சா ஊரு உங்களத்தான் சொல்லும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கம்பின் ஒரு முனையை ஜெபகனி அக்கா ஏற்கெனவே தோளில் வைத்திருந்தார். நாலு பேருமாகத் தூக்கி, கஞ்சியை வடித்து, ஓலைப்பாயில் சாய்த்தோம். சோறு பருக்கை பருக்கையாக உதிர்ந்து பரவியது. முத்துநாயகம் சார் ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சோற்றைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். அப்படியே ஆலயத்தை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க? அடுத்த அண்டாவும் வெந்தாச்சி" என்றார் அண்ணன்.

சார் நின்றார். முழுக்கைச் சட்டையை மடக்கிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"கேட்டரிங்காரன்ட்ட வேண்டாம்னு நானே சொல்லிடுகேன். பிடியும் ஓய்."