கன்னம் பட்ட இடம்

லைசென்ஸ் என் பெயருக்கு மாறி வந்த மறுநாள், துப்பாக்கிக் கடை திறக்கும் முன்பே போய் ஷட்டர் வாசலில் நின்றேன். ஐம்பத்து நாலு வயது ஆசாமிக்கு இது அழகில்லைதான். ஆனால் பப்பா இறந்த பிறகு மூன்று வருஷமாக அவருடைய வேட்டை ரைஃபிள் அந்தக் கடையின் இரும்பு அலமாரியில் கிடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர் கப்பலில் கொண்டுவந்தது. வேட்டைக்குத் தடை வருவதற்கு முன்பு செஞ்சிப் பக்கம் காட்டுப்பன்றியை வீழ்த்தியது அதை வைத்துத்தான். “நெத்திப்பொட்டுல ஒரே குண்டு” என்று அவர் சொல்லிக் கேட்காமல் எந்த விருந்தாளியும் எங்கள் வீட்டிலிருந்து தப்பியதில்லை. பன்றிமேல் கால் வைத்து அவர் நிற்கும் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது.

கடையை நடத்தும் சிவசங்கரி கைராசிக்காரர். மூன்று வாரத்தில் குழலின் துரு போய் நீலம் பாய்ந்த கறுப்பு தெரிந்தது. விசை சத்தமில்லாமல் இறங்கியது. தினமும் சாயங்காலம் போய் அவர் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். மிச்சம், தோளில் முட்டுகிற மரக்கட்டைதான். பழைய வார்னிஷைச் சுரண்டி, மேடு பள்ளம் தேய்த்து, என் கைக்குக் குட்டையாக இருந்ததால் அடியில் ஒரு துண்டு ஒட்டுவதாகப் பேச்சு. உப்புத்தாளை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

“லூக்கா சார், உங்கப்பா எடக்கைக்காரரா?”

“இல்லியே. ஏன்?”

கட்டையைத் திருப்பிக் காட்டினார். வலது தோளில் வைத்துச் சுடுகிறவரின் கன்னம் கட்டையின் இடப்பக்கம் படும். அந்தப் பக்கம் வார்னிஷ் கலையவே இல்லை. வலப்பக்கம்தான் ஒரு கன்ன அளவுக்கு மரம் தேய்ந்து, லேசாகக் குழிந்து, வழவழவென்றிருந்தது.

“அடியில ரெண்டு வெரக்கடை அறுத்தும் இருக்காங்க சார். கை குட்டையான யாரோ வெச்சி சுட்டிருக்காங்க. உப்புத்தாள் போட்டா இந்தக் குழி போயிடும். போடட்டுமா?”

கை குட்டையான இடக்கைக்காரர் எனக்கு ஒருவரைத்தான் தெரியும். கான்வென்ட்டில் ஸ்கேலால் அடித்து வலக்கையில் எழுத வைத்தும், இன்றுவரை மீன் அரிவது இடக்கையால்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போடாதீங்க, ஒரு நாள் பொறுங்க என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியை உறையில் போட்டு ஆட்டோ பிடித்தேன். மிஷன் வீதி நெரிசலில் ஆட்டோக்காரரை நான் அவசரப்படுத்தியதில், யாருக்காவது பிரசவ வலியா என்று கேட்டார்.

அம்மா ஜொசியான் கிழங்கா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“பன்னிய சுட்டது யாரும்மா?”

அவள் கத்தியை நிறுத்தவில்லை. “நாந்தான். போட்டோக்காரன் வர்றதுக்குள்ள சேலையில பட்ட ரத்தத்த அலசிக்கினு வரலாம்னு போனேன். வந்து பாத்தா உங்க பப்பா கால வெச்சிக்கினு நிக்கிறாரு. போவட்டும்னு உட்டுட்டேன். அப்புறம் அம்பது வருசம் அந்தக் கதைய கேட்டுக்கினே வர்றவங்களுக்கெல்லாம் மீன் வறுத்தேன்.”

“கட்டைய அறுத்தது?”

“அவருதான். என் கைக்கு எட்டலன்னு அவரே ரம்பம் போட்டாரு.” இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகியது.

பப்பாமீது கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. சிவசங்கரிக்குப் போன் போட்டு, மரத்தைத் தேய்க்க வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், எண்ணெய் தடவினால் போதும் என்றேன். எனக்குக் குட்டையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். “குடு.”

தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கொடுத்தேன். எண்பது வயதிலும் ஒரே தூக்காகத் தூக்கினாள். இடது தோளில் கட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. கன்னம் எதையும் தேடவில்லை, நேராகப் போய்க் குழியில் படிந்தது. குழல் மெல்ல எழுந்து சுவரிலிருந்த படத்துக்குப் போனது. பப்பாவைத் தாண்டி, பன்றியின் நெற்றியைத் தாண்டி, காதுக்குப் பின்னால் வந்து நின்றது.

“நெத்தி இல்லடா,” என்றாள், ஒரு கண்ணை மூடியபடி. “இங்க.”