கம்ப்யூட்டர் காணிக்கை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு லோடு ஆட்டோவில். திருவிடைமருதூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் அப்துல் ஜலீலின் வண்டி. அதில் கயிறு போட்டுக் கட்டிய பெரிய பலகை ஒன்று. கறுப்புப் பரப்பு, அதன்மேல் டியூப்லைட் எரிகிற மாதிரி ஊதாவும் பச்சையும், நடுநடுவே செம்புக் கம்பி. பக்கத்தில் ஓர் அம்மாள் வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார். தனக்கு அல்ல, பலகைக்கு.

"என்ன பாய் இது?"

"காணிக்கை சார். மாதா கோயிலுக்குப் போவுது. கம்ப்யூட்டராம்."

கேட் திறந்தது, போய்விட்டார்கள். மற்றதைப் பிறகு ஜலீலிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்குத் தெரியாததை நானே இட்டுக்கட்டினேன். எது எது என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழப்பம்.

2

முதல் தொடக்கம்: "ஜெனித் என்ற இளம் ஓவியர், தொழில்நுட்பத்தின் இருண்ட எதிர்காலத்தைத் தன் தூரிகையின் வழியே..."

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: வருடம் 2001. அண்ணன் ரெமிஜியஸுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. தங்கை ஜெனித் கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அம்மா மரியபுஷ்பம் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இது பரவாயில்லை, இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

பிரவுசிங் சென்டரில் ஒருநாள் சைபர்பங்க் என்ற சொல்லையும் அதோடு சில படங்களையும் ஜெனித் பார்த்தாள். விடாத மழை, கண்ணைக் கூசவைக்கும் விளம்பர விளக்குகள், பின்னிக்கிடக்கும் ஒயர்கள், பாதி மனிதரும் பாதி எந்திரமுமாக நடக்கிறவர்கள். மழையும் ஒயரும் நம்ம ஊரிலேயே ஏராளமாக இருக்கிறதே என்று நினைத்தாள். (இந்தச் சொல்லுக்கு நான் ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். திரும்பப் படித்தபோது புரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.)

ரோபோ வரைய அவளுக்கு ஆசையில்லை. எந்திரத்தை வரைந்தால் பார்ப்பவர்கள் எந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். அது நம்மை என்ன செய்கிறது என்று பார்க்க மாட்டார்கள். ஆகவே உருவமே கூடாது. படம் டிரான்ஸ்பார்மர் மாதிரி இரைய வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைக் கழற்றினாள். உள்ளே இருந்த சர்க்யூட் போர்டை ஈரக் கறுப்பில் அழுத்தி எடுத்தாள், தடம் விழுந்தது. அதன்மேல் பெயிண்ட், காய்ந்ததும் கத்தியால் சுரண்டல், மறுபடி பெயிண்ட். கருகிப்போன பம்ப்செட் மோட்டாரின் செம்புக் கம்பியைப் பதித்தாள். கடைசியில் அந்த போர்டையே நடுவில் ஒட்டிவிட்டாள்.

அவள் வரைந்தது போனில் வரும் அண்ணனின் குரலை. நாம் பேசி முடித்தபிறகு ஒரு கணம் தாமதித்து, கொஞ்சம் தகரமாகி வந்து சேர்கிற குரல். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறவன் என்பதால் எனக்கு மட்டும் தெரியும்.

3

பக்கத்து வீட்டு ராசம்மாள், "பெட்ஷீட் டிசைனா பாப்பா?" என்று கேட்டார். ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தலையை இருபுறமும் சாய்த்துப் பார்த்து, "எது மேல்பக்கம்?" என்றார். மரியபுஷ்பம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

சென்னையில் கண்காட்சி நடத்துகிற சிலருக்கு மட்டும் படம் பிடித்துப்போயிற்று. ஜெனித்துக்கு இது முதல் கண்காட்சி. அனுப்ப இருந்ததும் இந்த ஒரே படம்தான். அதை ஏற்றிவிட பார்சல் ஆபீஸில் பேசி வர, அவள் இரண்டு நாள் தஞ்சாவூர் போயிருந்தாள்.

அந்த வாரம்தான் ரெமிஜியஸின் பிராஜெக்ட் நின்றுபோனது. "அடுத்த பிராஜெக்ட் வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்கம்மா" என்று சொல்லியிருந்தான். பள்ளிக்கூடத்தில்கூட பெஞ்சில் ஒழுங்காக உட்காராத பிள்ளை. மரியபுஷ்பம் நேர்ந்துகொண்டார்.*

* வெளியூர் வாசகர்களுக்கு: கண் சரியாக வேண்டுமென்றால் வெள்ளியில் கண், கால் சரியாக வேண்டுமென்றால் கால். எதைக் கேட்கிறோமோ அதன் உருவத்தை வைக்க வேண்டும். கோயில் வாசல் கடையில் எல்லாம் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.

"அதுக்கு அச்சு இல்லம்மா. டிவி இருக்கு, தரவா?" என்றார் கடைக்காரர்.

"நான் டிவியைக் கொடுக்க, மாதா அவனை டிவி ரிப்பேர்ல போட்டுட்டாங்கன்னா?"

மரியபுஷ்பம் வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டர் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. ஜலீலுக்கு ஆள் அனுப்பினார்.

4

ஜெனித் திரும்பி வந்து வெறும் சுவரைப் பார்த்தாள்.

"அம்மா, அது என் படம்மா!"

"தெரியும். நேத்து சாயங்காலம் வச்சேன். இன்னிக்குக் காலையில அண்ணன் போன் பண்ணிட்டான், வேற பிராஜெக்ட் கெடச்சிடுச்சாம். இப்பப் போயி எடுத்தா?"

முந்தைய வரைவில் மரியபுஷ்பத்தை ஒன்றும் தெரியாத அப்பாவியாக எழுதியிருந்தேன். குடை பிடித்த அந்தக் கையை நினைத்தால் அது சரியாகப் படவில்லை. அடித்துவிட்டேன்.

தாயும் மகளும் கோயிலுக்குப் போனார்கள். ஃபாதர் தாடையைத் தடவினார்.

"காணிக்கையைத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனா மாதா யாருக்கும் ரசீது போட்டுக் கொடுக்கலையே. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

வெள்ளிக் கைகளுக்கும் கால்களுக்கும் நடுவே படம் இரைந்துகொண்டிருந்தது. அதன்முன்னால் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஜெனித் ஓர் ஓரத்தைப் பிடித்தாள். ஒற்றை ஆளுக்குத் தூக்க முடியாத கனம்.

"ஏம்மா, வீட்ல வேற எதுவுமே கெடைக்கலியா?"

"நீ கழட்டிப் போட்ட கம்ப்யூட்டர் டப்பா மேல அட்டத்துல கெடக்கு, அதைக் கொண்டாந்திருக்கலாம்." மரியபுஷ்பம் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அதுல ஒண்ணும் இல்லடி. இதைப் பார்த்தாத்தான் ரெமி போன்ல பேசுற மாதிரியே இருக்கு."

ஜெனித்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பேரில் அந்தப் படத்தைப் பார்த்தது அம்மா ஒருத்திதான்.

5

முடிவு ஒன்று: படம் சென்னைக்குப் போகிறது, பேர் வாங்குகிறது. (ரெமிஜியஸ் மறுபடி பெஞ்சுக்குப் போனால் நான் பொறுப்பில்லை.)

முடிவு இரண்டு: படம் கோயிலிலேயே இருக்கிறது. ஜெனித் வேறொன்று வரை... இல்லை, அந்த போர்டு ஒன்றுதானே இருந்தது?

முடிவு மூன்று: ஜலீல் வந்து தூக்குகிறார். கேட்டுப் பார்த்தேன், "வாசல்ல வச்சா ஏத்திக்கிறேன் சார். கோயிலுக்குள்ளேருந்து எடுக்கறது என் வேலையில்ல" என்றுவிட்டார்.

வண்டி வாசலில் நிற்கிறது. ஜெனித் இன்னும் அந்த ஓரத்தை விடவில்லை. மரியபுஷ்பம் இரண்டு கைகளையும் குவித்து நிற்கிறார், அவர் தொடமாட்டார். என் கையில் பேனா இருக்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரமும் சும்மாதானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வாருங்கள், அந்தப் பக்கத்தைப் பிடியுங்கள். வாசலுக்கா, பீடத்துக்கா என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். செம்புக் கம்பி கையைக் கிழிக்கும், பார்த்துத் தூக்குங்கள்.