மேஸ்திரி காதில் விழுந்த அறை

"உங்களுக்குன்னு என்ன வேணும், டீச்சர்?"

"எனக்கா? எனக்குன்னு தனியா என்னம்மா. அவருக்கும் பிள்ளைங்களுக்கும் பிடிச்சிருந்தா சரி."

எட்டு மாதங்களுக்கு முன், புது வீட்டுக்கு வரைபடம் போட வந்த பெண்ணிடம் அவள் சொன்ன பதில் அது. அந்தப் பெண் பேனாவை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு அறை வேண்டும், சின்னதாக இருந்தால் போதும், உள்ளேயிருந்து சாத்திக்கொள்கிற மாதிரி ஒரு கதவு வேண்டும் என்று. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பக்கத்தில் இருந்த கணவர், "இவ எதையும் கேக்க மாட்டாம்மா. இருபது வருஷமா அதான் எனக்குப் பிரச்சனை" என்று பெருமையாகச் சிரித்தார். கேட்காதவள் என்று பெயர் வாங்கிய பிறகு எதையும் கேட்பது லேசில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி, மூன்று பக்கச் சுவரும் ஃபிரேம்கள். "மூஞ்சியே இல்லாம ஆயிரம் கண்ணாடி நாள் பூரா என்னையே முறைக்குது" என்பார். வீட்டுக்கு வந்தால் அலமாரிக் கதவு மூடாது, நாற்காலி முதுகெல்லாம் சட்டை, ஃபிரிட்ஜ் தலையில் மாத்திரை டப்பாவும் குடையும். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு வெற்றுச் சுவர். அந்தப் பெண் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கூடம், சாப்பாட்டு மேசை, சமையலறை எல்லாம் குறுக்குச் சுவரே இல்லாத ஒரே வெளி. கைப்பிடி இல்லாமல் சுவரோடு சுவராகிவிடும் அலமாரிகள். மிச்சம் மீதியைப் போட்டு மூட மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டோர் ரூம்.

"அப்பா, இந்த வீட்ல ஒளிஞ்சே விளையாட முடியாதுப்பா" என்றான் மகன்.

"மீசை முளைச்சாச்சு, இதுக்கு இன்னும் ஒளிஞ்சு விளையாட்டு" என்றாள் அக்காக்காரி.

டீச்சரும் சிரித்தாள். படம் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. சங்கடமே அதுதான். தாளின் ஓரத்தில் ஒரு பட்டியல்: அறை, அளவு, உபயோகம். உபயோகம் இல்லாமல் அந்த வீட்டில் ஓர் அடி கிடையாது. தன் அறைக்கு என்ன உபயோகம் எழுதச் சொல்வாள்? அவள் தைப்பதில்லை, பாடுவதில்லை, கதை எழுதுவதில்லை. எதற்கு என்று கேட்டால் சும்மா என்றுதான் சொல்ல வேண்டும். சும்மாவுக்காக யாராவது சுவர் எழுப்புவார்களா?

ஆனால் அந்தச் சும்மா இல்லாமல் அவளால் முடியவில்லை. பள்ளியில் ஆறு வகுப்புக் கணக்கு, ஒவ்வொன்றிலும் நாற்பது பிள்ளைகள். வீடு திரும்பும்போது தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் வந்து, "பெட்ரோல் தீந்துடுச்சா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அவர் பாவம், பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினார். கணவரிடம் இதைச் சொன்னதில்லை. எங்களிடமிருந்தா தப்பிக்கப் பார்க்கிறாய் என்று அவர் கேட்கக்கூட மாட்டார், முகம் சுருங்கிவிடும். அதை நினைத்தே எட்டு மாதம் ஓடிவிட்டது.

இன்று மனையில் கோடு போட்டிருந்தார்கள். முளை அடித்து, கயிறு கட்டி, மண்மேல் சுண்ணாம்புத் தூளால் முழு வீடும் படுத்திருந்தது. நாளைக் காலை அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கேட்பதும் கேட்காததும் ஒன்றுதான்.

கணவர் சமையலறைக் கோட்டுக்குள் நின்று, "வாங்க மேடம், காப்பியா டீயா?" என்று கூப்பிட்டார்.

அவள் நேராக அவரை நோக்கி நடந்தாள்.

"அம்மா, சுவத்துக்குள்ள வர்றீங்க" என்றார் மேஸ்திரி. "நாலடி தள்ளிக்குங்க, அங்கதான் வாசல்."

சொன்னபடி சுற்றிக்கொண்டு வந்தாள். மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். தோண்டுகிற ஆட்கள் குழம்பக் கூடாதென்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சுண்ணாம்பாலேயே பெயர் எழுதிவிடுவார். கூடம். சமையல். படுக்கை. மாடிப்படி வரவிருந்த இடத்துக்குக் கீழே, அவள் வந்து நின்ற ஏழுக்கு ஒன்பது அடிக் கட்டத்தில், கோணல் எழுத்தில்: டீச்சர் ரூம்.

கணவர்தான் முதலில் வாய்விட்டுப் படித்தார். "என்ன மேஸ்திரி இது?"

"இஞ்சினியர் பாப்பா போன்ல சொன்னதுதான் சார். படிக்குக் கீழ என்னம்மான்னு கேட்டேன், டீச்சர் ரூம்னுச்சு."

"ஸ்டோர் ரூம்யா, ஸ்டோர்! உங்க கண்ணுக்குன்னா என் கடையில பாத்துடலாம், காதுக்கு எங்க போறது?"

"கலவ மிஷின் ஓடிட்டிருந்துச்சு சார்." மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எனக்கும் சரியாத்தான் பட்டுச்சு. அம்மா வேலைக்குப் போறவங்க, தனியா ஒண்ணு இருக்கும்னு நெனச்சேன்."

"டீச்சரைக் கொண்டுபோய் ஸ்டோர்ல போட்டுட்டீங்களே!" கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தக் கட்டத்துக்குள் வந்து அவள் தோளைத் தட்டினார்.

"இருங்க சார், தேய்ச்சு விட்டுடறேன்." மேஸ்திரி காலைத் தூக்கினார்.

"அழிக்காதீங்க."

கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் அது. அவளே எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரி தூக்கிய காலை வேறு பக்கம் வைத்தார். கணவரின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னம்மா?"

எழுத்துகளைப் பார்த்தே பேசினாள்.

"எனக்கு இந்த ரூம் வேணும்ங்க. ஜன்னல் வச்சு, உள்ளேருந்து சாத்திக்கிற மாதிரி கதவு வச்சு. எனக்கு மட்டும். உள்ள போய் நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், சும்மா இருப்பேன். உங்க மேல கோவத்துல இல்ல."

தூரத்தில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் கோட்டுக்கு உள்ளே இருந்தன. ஒரு காலை மெல்ல எடுத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வைத்தார், தூள் கலையாமல். அடுத்த காலைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல, ஒரு கணம் அப்படியே நின்றார்.