மனைவியின் பிறந்த தேதி

மூன்றாம் ஆண்டு அசைன்மென்டில் நான்காவது கேள்வி இது: கணவனுக்கு வயது அறுபது, மனைவிக்கு ஐம்பத்தைந்து. இருவரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்வரை மாதந்தோறும் ஓய்வூதியம் தர இன்று எவ்வளவு பணம் வேண்டும்? கடைசி வரி: இரு உயிர்களும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொள்க.

எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணித்து இன்சூரன்ஸுக்கு விலை வைக்கும் ஆக்சுவரியல் சயின்ஸ் படிப்பில் அந்த வரி அடிக்கடி வரும்.

"நிஜத்துல அப்படி இல்ல," என்றார் ஸ்ரீரங்கன் சார். "ஒருத்தர் போனா இன்னொருத்தரும் சீக்கிரம் போறது டேட்டாலயே தெரியுது. ஆனா நமக்குக் கணக்கு சுலபமாகணுமே!"

வகுப்பு சிரித்தது. ஓவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் அந்த வரி அப்படியே பொருந்தியது.

அப்பா மோகன்ராஜும் அவளும் இரும்புலியூரில் இருந்தார்கள். அம்மா சுபத்ரா ராஜகீழ்ப்பாக்கத்தில், பெரியம்மா வீட்டு மாடியில். ஆறு வருடத்துக்கு முன்னால் பெரியம்மாவின் ஆபரேஷனுக்குத் துணையாகப் போனவள் திரும்பவில்லை. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் கூப்பிடுவார் என்று அவள் இருந்தாள். அவளே வருவாள் என்று அவர் இருந்தார். ஸ்கூட்டியில் இருபது நிமிடம். வாரம் இரண்டு முறை ஓவியா மட்டும் போய்வந்தாள். ஒருமுறையாவது பின்சீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அக்டோபரில் அப்பா கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றார். பென்ஷன் ஃபார்மை மேசையில் போட்டார். "இந்தா, உன் படிப்புக்கு ஒரு வேலை. எது லாபம்னு சொல்லு."

ஓவியா லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். "உங்க பேர்ல மட்டும் எடுத்தா மாசம் ஆயிரத்து அறுநூறு கூட வரும்பா. ஜாயின்ட்டா எடுத்தா, உங்களுக்கு அப்புறம் அம்மாவுக்கும் வரும்."

"ஜாயின்ட்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"அதுல யோசிக்க என்ன இருக்கு?"

பேனாவை எடுத்து அவரே நிரப்பினார். மனைவியின் பெயர், பிறந்த தேதி. எதையும் அவளிடம் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜெயகிருஷ்ணன் ஃபார்மோடு திரும்பி வந்தார். "சார், மேடம் ஆதார்ல ஜூன் ஒண்ணு. நீங்க மார்ச் பதினாலு போட்டிருக்கீங்க, வருஷமும் வேற. வீட்டம்மா பொறந்தநாளை மறந்தா சோறு கிடைக்குமா சார்?"

அப்பா சிரிக்கவில்லை. "வேற ஃபார்ம் குடுங்க."

"மேடம் கையெழுத்தும் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. ஒண்ணாம் தேதி ரேட் மாறுது."

அப்பா கிழிக்கப்போன பழைய ஃபார்மை ஓவியா வாங்கி, புதியதோடு ஃபைலில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஓவியா போனபோது அம்மா பள்ளி அலுவலக வேலை முடிந்து வந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அவருக்கு எவ்ளோ கொறையும்?" என்றாள்.

"மாசம் ஆயிரத்து அறுநூறு."

"அப்ப எதுக்கு? எனக்குத்தான் சம்பளம் வருதே. தனியாவே போட்டுக்கச் சொல்லு. பிரஷர் மாத்திரைக்கே எண்ணூறு ஆகுது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா அடுத்த கொத்தவரங்காயை எடுத்தாள். நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

ஓவியா பழைய ஃபார்மை எடுத்தாள். "இதைத் தப்பா எழுதிட்டார்னு திருப்பிட்டாங்கம்மா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தப்பில்ல," என்றாள். "ஸ்கூல்ல சேர்க்க எங்கப்பா வயச ஒம்பது மாசம் கூட்டிப் போட்டார். நிஜத் தேதி இதுதான். கல்யாணமான புதுசுல அவர்கிட்ட ஒரு தடவ சொன்னேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே!"

"நீ ஆதாரைப் பாத்து ஜூன்ல கேக் வாங்கிட்டு வருவ. வேணாம்னா சொல்றது?" அம்மா சிரித்தாள். பிறகு, "கம்பெனிக்காரன் கணக்குல ஒம்பது மாசம் முன்னாடியே போயிடுவேனா?"

"கிட்டத்தட்ட."

"எங்க போடணும்?"

கையெழுத்துப் போட்டாள். பழைய ஃபார்மை நான்காக மடித்து, பீரோவைத் திறந்து, புடவை அடுக்கின் அடியில் வைத்தாள். ஓவியாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் அங்கேதான் இருந்தது.

நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்வாளோ என்று ஓவியா செருப்பை மெதுவாக மாட்டினாள். அம்மா வாசல்வரை வந்தாள்.

"ஹெல்மெட்டைப் போட்டுக்கோ."

கேம்ப் ரோட்டில் சிக்னலுக்கு நிற்கையில் ஓவியா ஒருமுறை பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அப்பா கேட்டருகிலேயே நின்றிருந்தார். "போட்டாளா?"

"போட்டாங்க."

கையெழுத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "பழசு எங்க?"

"அம்மா வச்சுக்கிட்டாங்க. பீரோல."

அவர் ஃபார்மை ஃபைலில் வைத்தார். திரும்ப எடுத்தார்.

"புடவைக்கு மேலயா, அடியிலயா?"

"அடியிலப்பா."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஓவியா, வர்ற மார்ச் பதினாலு என்ன கிழமைன்னு பாரு."

அவள் போனில் பார்த்தாள். "சனிக்கிழமை."

"சனிக்கிழமைன்னா அவளுக்கு லீவுதான்," என்றார் அப்பா.