கட்டிய கையும் ஆடிய விரலும்

சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த சிலம்பரசனின் அறையில், 2009 மார்ச் முதல் ஞாயிறு மத்தியானம், இசைவாணியின் மந்திரக்காரியைக் கொல்ல மூன்று ஆண்பிள்ளைகள் கூடியிருந்தார்கள். நிஜத்தில் அல்ல, ஆட்டத்தில்தான். ஆனாலும் இரண்டு வருஷமாகக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து வளர்த்த உயிர் அது. பெயர் செந்தட்டி.

ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, வாயாலேயே கதை நடத்தும் ஆட்டம். கதை சொல்பவன் சிலம்பரசன். ஆட்டத்தின் விதிப் புத்தக ஜெராக்ஸும் தீர்ப்பும் அவனிடம். தம்போலா டப்பாவில் ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட காய்கள்; கைவிட்டு எடுக்கும் காய் பத்துக்கு மேல் இருந்தால் மந்திரம் பலிக்கும். செத்தவர் அந்தக் கதை முடியும்வரை ஆட்டத்துக்கு வரக்கூடாது. அடுத்த மாதம் எல்லோருக்கும் கல்லூரிப் படிப்பே முடிகிறது, இனி வேறு கதை கிடையாது.

அன்றைய கதையில் எதிரிகள் செந்தட்டியின் கைகளைப் பின்னால் கட்டி நெருப்பில் தள்ளினார்கள்.

“நெருப்பு அணைக்கிற மந்திரம் போடுறேன்,” என்றாள் இசைவாணி.

“கையால முத்திரை காட்டணும்னு புக்குல இருக்கு. உன் கைதான் கட்டியிருக்கே,” என்றான் சிலம்பரசன்.

“எவ்ளோ பெருசா காட்டணும்னு இருக்கா? கட்டுனது மணிக்கட்டு. வெரலு ஆடுதுல்ல?”

“செல்லாது. செந்தட்டி செத்துட்டா.”

“வுடு வாணி, வெளையாட்டுதான,” என்றான் ராஜவேல். தோற்பவளிடம் மட்டும்தான் இதைச் சொல்வார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, தில்லைநாதன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தான். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

சேர்ந்த அன்றே, “பொண்ணுங்க எழுத்து அழகா இருக்கும்,” என்று சிலம்பரசன் சொல்லும் தீர்ப்புகளை நோட்டில் எழுதும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவர்கள் பஜ்ஜி தின்றபோதெல்லாம் அவள் எழுதினாள். ஒருவருக்குச் சொன்ன தீர்ப்பு எல்லோருக்கும் செல்லும் என்று முதல் பக்கத்திலேயே சிலம்பரசன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

“பிப்ரவரி எட்டு. ராஜவேல் ரெண்டு கையாலயும் கயித்தப் புடிச்சிக்கிட்டு கெணத்துல தொங்குறான். ஒத்த வெரல ஆட்டி மெதக்குற மந்திரம் போட்டான். செல்லும்னு சொன்னது யாரு?”

“அது வேற, இது வேற,” என்றான் சிலம்பரசன்.

“சரி, செல்லாதுன்னே வச்சிக்குவோம். அப்ப ராஜவேல் அன்னிக்கே கெணத்துல செத்துட்டான். செத்தவன் அடுத்த வாரம் கோட்டைக் கதவத் தொறந்திருக்க முடியாது. தொறக்கலன்னா உள்ள மாட்டுன தில்லையும் செத்துட்டான். நீ யாருக்குடா கதை சொல்லிக்கிட்டிருக்க?”

ராஜவேல் பஜ்ஜியைக் கீழே வைத்தான். “செல்லும்னு சொல்லித் தொலை மச்சான்!” தன் தலைக்கு வந்ததும் விளையாட்டு விளையாட்டாக இல்லை.

சிலம்பரசன் ஜெராக்ஸை முன்னும் பின்னும் புரட்டினான். “சரி, செல்லும். காய எடு.”

“மொதல்ல எழுது.” நோட்டை அவன் மடியில் போட்டாள். “கட்டுன கையில வெரலு ஆடுனா செல்லும். கேட்டு வாங்குனது இசைவாணின்னு பேரோட எழுது.”

அவன் கோணல்மாணலாக எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, டப்பாவுக்குள் கையை விட்டாள்.

மூன்று வந்தது.

காயை எல்லோருக்கும் காட்டினாள். பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“இப்பதான் செத்தா,” என்றாள். “நீ சொன்னதால இல்ல, காய் சொன்னதால. அதையும் எழுது.”