ஞாயிற்றுக்கிழமை ஒன்பது முதல் பதினொன்று வரை

என் பெயர் ஹில்டா. ராயபுரத்தில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அரசாங்கம் என்னைக் கடற்கரைப் பக்கமிருந்த ஒரு சிறுவர் இல்லத்துக்கு வெளிப் பார்வையாளராக நியமித்தது. சம்பளம் கிடையாது. இல்லத்தின் கமிட்டிக்கு நான் கட்டுப்பட்டவளும் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போட வேண்டும். சரியில்லையென்றால் போடக் கூடாது. இந்த இரண்டாவது வேலையைத்தான் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

1932 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழியும், எல்லாரும் ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள். எனக்கு அந்த வணக்கம் அலுத்துவிட்டது.

மேற்பார்வையாளர் கஸ்பார் பதறிப்போய் எழுந்தார். எங்கள் மாதா கோயில்காரர்தான், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனுஷன், ஆனால் கமிட்டி என்றால் உதறல் எடுக்கும். உடனே காபி வரவழைத்தார்.

"வேணாம் கஸ்பார். உங்க காபியக் குடிச்சிட்டு உங்க மேலயே குறை எழுத எனக்கு மனசு வராது" என்று பிள்ளைகளின் பதிவுப் புத்தகத்தைப் பிரித்தேன்.

'மலர்க்கொடி, வயது ஒன்பது. தகப்பன் கடலில் இறந்தான். தாய் சொக்கம்மாள், மீன் விற்பவள். துறைமுக வாசலில் தனியாகத் திரிந்த பிள்ளையைப் போலீஸ் கொண்டுவந்து சேர்த்தது. ஆறு மாதமாகத் தாய் ஒருமுறையும் பார்க்க வரவில்லை. கைவிட்டதாகக் கொள்ளலாம். திங்கள் மாலை ரயிலில் குன்னூர். எஸ்டேட் பங்களாவில் வீட்டு வேலை.'

கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அதற்கு மேலே, 'தாய் வரவில்லை' என்ற குறிப்பின் கீழ், ஏற்கெனவே இரண்டு தடவை நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கே சுருக்கென்றது.

மலர்க்கொடி பின்கட்டில் மதிலோரம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கூட இருந்த ஆயாவை உள்ளே அனுப்பிவிட்டு, கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமை உன்ன எங்க அனுப்பறாங்கன்னு தெரியுமா?"

"மலைக்கு. அங்க எங்கம்மா சத்தம் கேக்காதுல்ல?"

"உங்கம்மா சத்தம் இங்க கேக்குதா?"

"தெனமும் சாயங்காலம் மதிலாண்ட வரும். துன்னியான்னு கேக்கும். துன்னுட்டா நான் துணிய ரெண்டு வாட்டி அடிப்பேன். துன்னலன்னா ஒரு வாட்டி."

"துன்னாத நாளும் உண்டா?"

"கீது. ஆனா எப்பவும் ரெண்டுதான் அடிப்பேன். இல்லன்னா அது அழுதுகினே போவும்."

உடனே புத்தகத்தில் எழுதிவிடத் தோன்றியது. ஆனாலும் பிள்ளை சொன்னதை மட்டும் வைத்து எழுதினால் கமிட்டி சிரிக்கும். கண்ணால் பார்த்துவிடுவோம் என்று ஐந்து மணிவரை மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றேன்.

கூடையோடு ஒருத்தி வந்தாள். "நெத்திலி, காரப்பொடி, சங்கரா... துன்னியா கண்ணூ!" என்று ஒரே இழுப்பில் கூவினாள். தெருவில் போனவர்கள் அதையும் மீன் கூவலாகவே எடுத்துக்கொண்டார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் தொப், தொப் என்று இரண்டு சத்தம் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"நெத்திலியாம்மா வோணும்?" என்றாள், மிரண்டுபோய்.

கேட்டுக்கு அழைத்துப்போய்க் கஸ்பாரைக் கூப்பிட்டேன்.

"தெனமும் வர்றேன் நைனா. வாச்மேனு உள்ள வுடமாட்டேன்றாரு. ஞாயித்துக்கெயம ஒம்போதுலருந்து பதினொண்ணுதான்றாரு" என்றாள் சொக்கம்மாள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை வரவேண்டியதுதானே? அன்னிக்கு யாரும் கடலுக்குப் போறதில்லையே!" என்றார் கஸ்பார்.

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "உங்க கோயில் ஜனங்க போவமாட்டாங்கோ. எங்க ஆளுங்க போவாங்கோ. உங்க கட்டுமரமெல்லாம் மணல்ல கெடக்கறதால அன்னிக்கி எங்க மீனுக்குத்தான் கிராக்கி. ஒம்போது மணிக்கு மீனு கரைக்கு வரும். நான் அங்க இல்லன்னா அந்த வாரமே பட்டினிதான்."

எங்கள் தெருவில் ஞாயிறென்றால் பூசை, மத்தியானம் கறிச்சோறு, பிறகு தூக்கம். கமிட்டியில் அத்தனை பேரும் எங்கள் கோயில்காரர்கள். எல்லாருக்கும் ஓய்வான நேரம் என்று நல்லெண்ணத்தோடு வைத்த நேரம் அது. இதே கடற்கரையில் ஞாயிறு என்று பார்க்காமல் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு மண்டையிலும் உதிக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பதற்கென்றே வைத்த என் மண்டையிலும் உதிக்கவில்லை.

"டிக்கெட் வாங்கியாச்சு ஹில்டாம்மா. கமிட்டி என்னைச் சும்மா விடாது" என்றார் கஸ்பார்.

"என் கையெழுத்து இல்லாம பிள்ளை இந்த கேட்டைத் தாண்டாது. யாராவது கேட்டா என்னைக் கைகாட்டுங்க."

புத்தகத்தில் எழுதினேன்: 'தாய் தினமும் வருகிறாள். இல்லம்தான் உள்ளே விடவில்லை. குன்னூர் ஏற்பாட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் தாயின் வீடு என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்கப்போகிறேன். அதுவரை தினமும் ஐந்து மணிக்கு எல்லாப் பெற்றோரையும் உள்ளே விடவேண்டும்.' கடைசியாக ஒரு வரி பாக்கியிருந்தது. அதை எழுதத்தான் பேனா நகரவில்லை. 'இதற்கு முன் நான் இரண்டு தடவை இட்ட கையெழுத்து தவறு' என்று எழுதிமுடித்தபோது காது சுட்டது. அப்புறம், ஆச்சரியமாக, லேசாக இருந்தது.

கமிட்டிக்குச் சொல்லக் கஸ்பார் ஒரு நாள் அவகாசம் கேட்டிருந்தார். திங்கட்கிழமை ஐந்து மணிக்குக் கேட்டில் சொக்கம்மாள் தனியாக நிற்கவில்லை. அவளோடு இன்னும் நான்கு பேர் கூடையோடு நின்றார்கள். கடற்கரையில் செய்தி பரவியிருந்தது. கஸ்பார் ஒவ்வொருத்தியிடமும் பிள்ளையின் பெயர் கேட்டுப் புத்தகத்தைப் புரட்டி வாய்விட்டுப் படித்தார். நான்கு பக்கத்திலும் 'யாரும் வரவில்லை' என்றே இருந்தது. கடைசிப் பக்கத்தை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. மூடிவைத்துவிட்டு, அவர்கள் உட்காரப் பெஞ்சைத் தானே தூக்கிவரப் போனார்.

மலர்க்கொடி பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். சொக்கம்மாள் கூடையை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"கிட்ட வராதே கண்ணு, மேலெல்லாம் கலீஜா கீது. மீன் நாத்தம் அடிக்கும்."

பிள்ளை கேட்கவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தச் சேலைக்குள் முகத்தைப் புதைத்து, மூச்சை ஆழமாக இழுத்தாள். விட்டுவிட்டு மறுபடியும் இழுத்தாள். ஆறு மாதமாக மதிலைத் தாண்டி அவளுக்கு வந்தது குரல் மட்டும்தான். எனக்கு அழுகை வந்தது. கஸ்பார் பெஞ்சோடு வந்து நின்றும் நான் மறைக்கவில்லை.