கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்

ஊர்காவற்துறையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் எட்டு வீடுகள். முதலாம் இலக்கம் எங்களுடையது. என் மனுசன் யாக்கோப்புக்கு முதுகு போய், இனிக் கடலுக்குப் போகவே கூடாது என்று டொக்டர் சொன்னபோது படகை விற்று வாங்கினோம். நான் கருவாடு போட்டு வீட்டை நடத்துகிறேன். ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஆவணியில் கட்டடச் சங்கத்தார் மாதப் பராமரிப்புக் காசை மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்து ஐந்நூறாக்கினார்கள். கிணறு உவர்த்துப்போய், பவுசர் லொறியில் தண்ணீர் வாங்கவேண்டி வந்ததாம். கீழ்வீட்டார் பூமரத்துக்கு ஊற்றியே தண்ணீரை முடிக்கிறார்கள் என்று மேல்வீட்டார் சொல்ல, கீழ்வீட்டார் அவர்களின் உடுப்புத் தோய்க்கும் மெசினைக் காட்ட, ஒரே சண்டை.

அறிவித்தல் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பெயர்கள், பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, ‘சலுகை: மூவாயிரம்’ என்று என் பெயர். சலுகை பெறுவோருக்குக் கூட்டத்தில் வாக்கில்லை என்று சின்ன எழுத்தில் இன்னொரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“குறைவுதானே, பேசாம இரு” என்றார் யாக்கோப்பு.

“வீட்டை வாங்கேக்க எங்களுக்கு விலை குறைச்சே தந்தவை?”

கூட்டத்தில் ஐயாயிரத்து ஐந்நூறைத் தலைவர் சிவபாதத்தாரின் முன்னால் வைத்தேன். அவர் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். மாதாமாதம் இப்படிக் கட்டினால் தை மாதத்துக்குள் வீட்டை விற்கவேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். என்றாலும் வைத்தேன்.

“உமக்குப் பழைய காசுதான், ஜசிந்தா. நீர் கஷ்டப்படுறீர் எண்டுதான்...”

“கஷ்டம் எண்டு நான் சொன்னனானே, அண்ணை? என்ர பேரைக் கோட்டுக்கு மேல எழுதுங்கோ. இப்ப நான் கேக்கலாம்தானே. கிணத்துக்கு அந்தப் பெரிய மோட்டர் எப்ப போட்டது?”

“ஆனியில.”

“கிணறு எப்ப உவர்த்தது?”

அவர் காசை எண்ணிப் பற்றுச்சீட்டு எழுதத் தொடங்கினார். “ஆடியில” என்றாள் வங்கியில் வேலைபார்க்கும் மேல்வீட்டுப் பிரியவதனி.

எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகத்தான் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினால் தரும். வேகமாக இழுத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். எழுவைதீவில் பிறந்தவளுக்கு இதை ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சிவபாதத்தாரோ அரை மணியில் தண்ணீர்த் தாங்கி நிரம்புகிறதென்று அந்த மோட்டரைப் புகழ்ந்துகொண்டு திரிந்தவர்.

பெரிய மோட்டரைக் கழற்றி, பழைய சின்ன மோட்டரைக் காலையும் மாலையும் கால் மணி நேரம் மட்டும் போடுவோம் என்றேன். ஒரு வீட்டார் வெளியூர். மற்றவர்களில் மூன்று பேர் ஓம் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். ஏழாவது கை என்னுடையது.

அதன்பிறகு ஒவ்வொரு விடியலிலும் கிணற்றில் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். புரட்டாதி முழுக்க உப்புத்தான். பயந்துதான் போனேன். ஐப்பசி மழையும் கைகொடுத்தது, பொய் சொல்லக்கூடாது. கார்த்திகையில் ஒரு நாள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டுச் சிவபாதத்தாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைத் தந்தார்.

“பவுசரை நிப்பாட்டுவம்” என்றார்.

மார்கழிப் பட்டியலை அவரே ஒட்டினார். எல்லாருக்கும் மூவாயிரத்து இருநூறு. வீட்டு இலக்கப்படி எட்டுப் பெயர்கள், கோடு இல்லை. யாக்கோப்பு முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து இரண்டு தரம் வாசித்தார்.

“முதல்ல கிடக்குது” என்றார்.

“எங்கட வீடுதானே முதலாம் இலக்கம்” என்றேன்.